தேதி எழுதிய இடம்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். பெயர் கார்த்திக். துறை மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை கேட்கிறார்களாம்.

"மேடம், உங்க காலத்துல பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப ரொம்ப ஈஸி ஆயிடுச்சு. சைட்டுக்கே போக வேண்டாம். கான்ட்ராக்டர் போட்டோ எடுத்து ஆப்புல ஏத்திடுவாரு. தேதி, நேரம் எல்லாம் போட்டோவுலயே தானா விழுந்துடும். நாங்க ஓகே குடுத்தா முடிஞ்சுது."

"போட்டோவுல துரு தெரியுமா?" என்று கேட்டேன்.

"பெயிண்ட் அடிச்ச அப்புறம் எடுக்கற போட்டோ மேடம். அதுல துரு எப்படித் தெரியும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்று நினைத்து, பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். இதை மலரில் போடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் வேதியியல் படித்தவள். எழுபதுகளின் கடைசியில் துறையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டெண்டருக்கு வரும் பெயிண்ட் மாதிரிகளைச் சோதிப்பது வேலை. கண்ணாடித் தகட்டில் பூசி, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்ப்போம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையில் பூசி, கட்டம் மறைகிறதா என்று பார்ப்போம். அடியில் துளையுள்ள கிண்ணத்தில் ஊற்றி, ஒழுகி முடிக்கும் நேரத்தைக் குறிப்போம். கூடத்துக்கு வரும் பெயிண்ட் எல்லாம் முதல் தரம். அதே பெயரில் சைட்டுக்குப் போகும் டின்னைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். இதைச் சில வருடங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே போய்ப் பாருங்கம்மா" என்று தாம்பரம் கோட்டத்துக்குப் பெயிண்ட் இன்ஸ்பெக்டராக அனுப்பிவிட்டார்கள். அது தண்டனை என்று எனக்குப் புரிவதற்குள் வேலை பிடித்துப்போய்விட்டது.

என் தோல்பையில் டிபன் பாக்ஸ், குடை, ஒரு சுத்தியல், மூன்றும் இருக்கும். சுத்தியல் என்றால் ஆணி அடிப்பது அல்ல. ஒரு முனை உளிபோலக் கூராக இருக்கும், துருவைப் பெயர்ப்பதற்கு. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் சாரம் ஏறுவதைப் பார்த்துப் பெயிண்டர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு "கெமிஸ்டம்மா வந்துகினு கீது, டின்ன மூடு" என்று எச்சரித்துக்கொண்டார்கள். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

பெயிண்ட் எதற்கு என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அழகுக்கு என்பார்கள். மிச்சம் பத்துப் பேர் அதிகாரிகளாகி, அழகுக்குத்தான் என்று உறுதி செய்வார்கள். இரும்புக்குப் பெயிண்ட் என்பது தோல். காற்றும் ஈரமும் உப்பும் இரும்பைத் தொடாமல் தடுப்பது அதன் வேலை. வேலையில் முக்கால் பங்கு, டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பழைய துருவைச் சுத்தியலால் பெயர்த்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரும்பின் சொந்த நிறம் தெரிந்த பிறகுதான் செந்நிறமான ரெட் லெட் பூச்சு. அது அன்றைக்கே ஏற வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துருப் பழுத்துவிடும். காலையில் இரும்பின் மேல் பனி வியர்த்திருக்கும். வெயில் ஏறி அது காய்ந்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும். மழைநாளில் தொடவே கூடாது. செந்நிறப் பூச்சு இரண்டு முறை, அதன் மேல் வெள்ளி நிற அலுமினியம் பெயிண்ட் இரண்டு முறை. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் துரு நிற்காது. பார்வைக்கு மறையும், அவ்வளவுதான். உள்ளே அது தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், இப்போது தொந்தரவில்லாமல்.

இரண்டு பூச்சுக்குப் பதில் ஒன்றே அடித்து ஏமாற்றாமலிருக்க ஒரு விதி உண்டு. இரண்டாவது செந்நிறப் பூச்சில் கொஞ்சம் கறுப்புக் கலந்து நிறத்தை மாற்ற வேண்டும். எதற்கு மேல் எது ஏறியிருக்கிறது என்று அப்போது கண்ணாலேயே தெரியும். கீழ்க்கட்டளையில் ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்த விதியை வைத்தே ஏமாற்றினார்கள். ஒப்பந்ததாரர் ஏழுமலை. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு கான்ட்ராக்டில் இறங்கியவர். தொட்டியின் ஒரு பாதியில் வெறும் செந்நிறம், மறுபாதியில் கறுப்புக் கலந்த செந்நிறம், நடுவில் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று. வேலை பாதி நடந்துகொண்டிருப்பதுபோல் அத்தனை இயற்கையாக இருந்தது. நான் ஏணியில் ஏறிக் கறுத்த பக்கத்தைக் கத்தியால் கீறினேன். கீழே நேராக இரும்பு.

"ஏழுமலை, இங்க முதல் பூச்சு எங்கே?"

"அந்தாண்ட கீது மேடம்" என்றார், மறுபாதியைக் காட்டி, கூசாமல். "ரெண்டு கலர் கேட்டீங்கோ. ரெண்டு கலர் கீதா இல்லியா?"

தொட்டி முழுவதையும் சுரண்ட வைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார். எதிரியைப் புரிந்துகொண்டவனின் அன்பு அது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாலமோ தொட்டியோ, பெயிண்ட் வேலை முடிந்ததும் அதன் மேல் தேதியை எழுதுவோம். கண்ணுக்கு நேரான உயரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, கறுப்பாக ஒரு கட்டம் பூசி, எண்கள் வெட்டிய துத்தநாகத் தகட்டை அதன் மேல் வைத்து வெள்ளைப் பெயிண்ட்டால் தேய்ப்பார்கள். எழுத்து பிசிறில்லாமல் வர வேண்டும் என்பதால் அந்தக் கட்டத்தை மட்டும் பெயிண்டர்கள் மழமழவென்று தேய்த்துத் துடைத்து, பூச்சுகளை ஒழுங்காக ஏற்றி வைப்பார்கள். தகடு என் பொறுப்பு. வேலையில் எனக்குத் திருப்தி வந்தால்தான் அலமாரியைத் திறந்து அதைக் கொடுப்பேன். அடுத்த பெயிண்ட் எப்போது, எந்த அதிகாரி எப்போது வந்து பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் அந்தத் தேதி முடிவு செய்யும். காலப்போக்கில் ஒரு காரியம் நடந்தது. அதிகாரிகள் பாலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேதியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட ஒப்பந்ததாரர்கள், பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பதை விட்டுவிட்டுத் தேதிக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள்.

என் மேலதிகாரி நிர்வாகப் பொறியாளர் தீனதயாளன். அவரைப் பற்றிக் குறைசொல்வது கஷ்டம். அவர் அதற்கு இடமே கொடுக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் "வாங்கம்மா, உக்காருங்க, காபி சொல்லட்டுமா?" என்றுதான் தொடங்குவார். பாராட்டு வந்தால் "நான்" என்பார், பழி வந்தால் "நாம" என்பார். பாலத்தைப் பார்வையிட வந்தால் கரையில் ஜீப்பின் நிழலில் நின்று குடையின் நுனியால் சுட்டிக்காட்டுவார். பாலத்தின் மேல் கால் வைக்க மாட்டார். ஷூவில் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும் என்பார். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் எதையும் எழுத மாட்டார். கோப்பில் அவர் கையில் பேனா நிற்கும், முன்னால் போகாது. "பேசிக்கலாமே அம்மா" என்பார். பேசுவார். பேசியது காற்றோடு போகும். இருபது வருட சேவையில் அவர் கையெழுத்துக்கு மேலே அவர் கைப்பட எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் பார்த்ததில்லை என்று அலுவலகத்தில் பெருமையாகவே சொல்வார்கள்.

இனி அனகாபுத்தூர்.

ஊருக்கும் அடையாற்றின் எதிர்க்கரைக்கும் இடையே அப்போது இரண்டு வழிகள். ஒன்று தரைப்பாலம், ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் மூழ்குவது அது. இன்னொன்று எங்கள் துறையின் பழைய இரும்பு நடைபாலம். தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கண் என்போம். அது மூன்று கண் பாலம். மேலே நடக்க இரும்புத் தகடுகள், தகடுகளைத் தாங்கக் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களைத் தாங்க இரு பக்கமும் உத்திரங்கள். தறிக்காரர்கள் நூல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அதில்தான் போவார்கள். எதிர்க்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் வருவார்கள். திருநீர்மலையில் திருவிழா என்றால் எதிர்க்கரைக் கிராமங்கள் மொத்தமும் அதன் மேல்தான். முனிரத்தினம் என்ற பால்காரர் தினமும் இரண்டு வேளை சைக்கிளில் பால் கேன்களோடு அதைக் கடப்பார்.

ஒரு புரட்டாசியில், தலைமைப் பொறியாளர் ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. அவசரமாகப் பாலத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். ஒப்பந்தம் ஏழுமலைக்கு. நான் போனபோது பாலம் வெள்ளியில் வார்த்ததுபோல் மின்னியது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் பாலத்தின் அடிக்குப் போனேன். என் தொழிலில் பாலத்தைப் பார்ப்பது என்றால் அடியிலிருந்து பார்ப்பதுதான்.

அடியிலும் வெள்ளிதான். ஆனால் வெள்ளி, கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. நடுக்கண்ணில், மேலே தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே வருடக்கணக்கில் சேறு தங்கியிருந்தது. தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு கலந்த ஆறு அது. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன உப்புச் சேறு. அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். சேற்றுக்கு அலுமினியம் பெயிண்ட் அடித்த முதல் துறை எங்களுடையதாகத்தான் இருக்கும். குறுக்குச் சட்டம் ஒன்றில் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். இது அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது. கூர்முனையால் இன்னொரு முறை அடித்தேன். சுத்தியல் உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது. இழுத்ததும் செதில் செதிலாகப் பழுப்பு உதிர்ந்து என் முகத்தில் கொட்டியது. துளையின் வழியே பார்த்தால், மேலே தகட்டின் இடுக்கில் யாரோ நடந்துபோகும் நிழல் தெரிந்தது. அடுத்த சட்டத்திலும் அப்படியே. அந்தக் கண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது பாதி இரும்பு, பாதி பெயிண்ட்.

கரையேறி ஏழுமலையிடம் சொன்னேன். "இதுக்குத் தேதி கிடையாது."

"இன்னா மேடம், ஒரு தேதிக்கா இம்மாம் பேஜார் பண்றீங்கோ? பாலம் நம்ம தாத்தா காலத்துலேர்ந்து நிக்கிது."

"அதனாலதான் சொல்றேன். அது நிக்கறது பழக்கதோஷம்."

தீனதயாளனிடம் போனேன். காபி வந்தது.

"நடுக்கண்ணை மூடணும் சார். சட்டம் போயிடுச்சு. மழை வந்தா தரைப்பாலம் மூழ்கும், கூட்டம் பூராவும் இதுலதான் ஏறும்."

"நீங்க சொல்றது சயின்டிஃபிக்கா கரெக்ட்தாம்மா. ஆனா நீங்க கெமிஸ்ட். சட்டத்தோட பலத்தைச் சொல்ல வேண்டியது ஸ்ட்ரக்சர் பிரிவு."

"அப்ப அவங்களை அனுப்புங்க சார்."

"அனுப்பலாம். சீஃப் வந்துட்டுப் போகட்டுமே. இப்ப அந்தத் தகட்டைக் குடுத்துடுங்க. பார்வைக்கு ஒரு நிறைவு வேணும் இல்லையா? ஜனங்க பார்வைக்குத்தானே வரி கட்றாங்க."

"எழுதிக் குடுங்க சார், தகடு தர்றேன்."

அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். "பேசிக்கலாமே அம்மா" என்றார். அலமாரிச் சாவி என் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியிலேயே இருந்தது.

தலைமைப் பொறியாளர் வந்த அன்று காலையில் பாலத்துக்குப் போகிறேன், கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எண்கள் பளிச்சென்று நிற்கின்றன. தகடு என் அலமாரியில் பத்திரமாக இருந்தது. யாரோ பழைய எக்ஸ்-ரே பிலிமில் எண்களை வெட்டி எழுதியிருந்தார்கள். அந்தப் பிலிம் கரையில் கிடந்தது. யாருடைய நெஞ்செலும்போ, அதன் நடுவே அன்றைய தேதி. ஏழுமலை என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

தலைமைப் பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தீனதயாளனின் குடைநுனி தேதியைக் காட்டியது. தலைமைப் பொறியாளர் தேதியைப் படித்தார், தலையசைத்தார். நான் முன்னால் போய், "சார், நடுக்கண் அடியில ஒரு நிமிஷம் வந்து பாருங்க, சட்டம் ஓட்டையா இருக்கு" என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். தீனதயாளன் சிரித்துக்கொண்டே, "எங்க மேடம் ரொம்ப சின்சியர் சார்" என்றார். சின்சியர் என்ற சொல்லைப் பைத்தியம் என்ற பொருளில் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். தலைமைப் பொறியாளர், "ரிப்போர்ட் குடுங்கம்மா, பார்க்கலாம்" என்று இளநீர் குடிக்கப் போனார். ரிப்போர்ட் கொடுத்தேன். அது அவரிடம் போகத் தீனதயாளன் பரிந்துரைக் குறிப்பு எழுத வேண்டும். தீனதயாளன் எழுதமாட்டார் என்று முன்பே சொன்னேன்.

ஐப்பசி பிறந்தது. வானம் மூட ஆரம்பித்தது.

பாலத்தை மூடும் அதிகாரம் எனக்கு இல்லை. அபாயம் என்று பலகை வைக்க ஸ்ட்ரக்சர் பிரிவு உத்தரவு வேண்டும். அந்த உத்தரவுக்கு நிர்வாகப் பொறியாளர் எழுத வேண்டும். நான் விதிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பெயிண்ட் பகுதியை முதலிலிருந்து படித்தேன். எனக்கு அதில் ஒரே ஓர் அதிகாரம் இருந்தது. பூச்சு சரியில்லை என்றால் நிராகரிக்கலாம். நிராகரித்தால் ஒப்பந்ததாரர் அதைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். நடக்கும் தகடுகளில் அந்த வேலை நடக்கையில், கடைசிப் பூச்சு காயும்வரை யாரும் நடக்கக் கூடாது. மழைநாளில் பூசவும் கூடாது. மழைக்காலம் முடியும்வரை பெயிண்ட் காயாது. எல்லாம் விதி.

மறுநாளே நடுக்கண்ணின் பூச்சை நிராகரித்து ஏழுமலைக்கு நோட்டீஸ் கொடுத்தேன்.

"மழ வருது மேடம்! இப்ப சொரண்டினா எப்ப அடிக்கிறது?"

"தையில அடிக்கலாம்."

"தையிலயா? அதுவரிக்கும் ஜனங்க?"

"அதுவரைக்கும் சுரண்டின தகட்டுல நடக்கக் கூடாது. விதி."

கீழ்க்கட்டளைத் தொட்டி ஏழுமலைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மேடம், நீங்கோ கான்ட்ராக்ட் எடுத்திருந்தா நான்லாம் தெருவுல நின்னிருப்பேன்" என்றார். ஆட்களை விட்டு நடுக்கண்ணைச் சுரண்டினார். ஸ்டோரிலிருந்த ரெட் லெட் டிரம்களை உருட்டிவந்து பாலத்தின் இரு முனையிலும் நிறுத்தச் சொன்னேன். ஈயம் கலந்த சரக்கு. நிரம்பிய டிரம்மை நாலு பேர் சேர்ந்தாலும் அசைப்பது கஷ்டம். அவற்றின் மேல் பலகை: பெயிண்ட் வேலை நடக்கிறது, நடக்கக் கூடாது.

தீனதயாளன் கூப்பிட்டனுப்பினார். காபி வரவில்லை.

"பாலத்தைத் திறந்துடுங்கம்மா. கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட்."

"நிராகரிப்பை ரத்து பண்ணி ஒரு வரி எழுதிக் குடுங்க சார். இன்னிக்கே டிரம்மை எடுத்துடறேன்."

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஏதோ ஓர் உணர்ச்சி வந்து போனது. "நான் சொல்றேன் இல்ல?"

"சொன்னதைத்தான் எழுதச் சொல்றேன்."

எழுதவில்லை. பாலம் மூடியே இருந்தது. அவர் பழக்கம் அவருக்குச் செய்த ஒரே துரோகம் அதுவாகத்தான் இருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் தரைப்பாலம் மூழ்கியது. அன்று மதியம் நான் போனபோது டிரம்களுக்கு முன்னால் கூட்டம். நூல் மூட்டைகள், பள்ளிக்கூடப் பைகள், சைக்கிள்கள். எதிர்க்கரையிலும் அதேபோல் ஒரு கூட்டம். முன்வரிசையில் முனிரத்தினம், இரண்டு கேனோடு.

"யக்கா, ஆத்துல தண்ணி கீது, பாலத்துல பெயிண்ட்டு கீது. நான் இன்னா பறந்தா போறது?"

"சுத்திப் போங்க. பல்லாவரம் வழியா."

"அத்த சுத்திகினு போனா பாலு தயிராப்பூடும். தயிர ஊத்தினா காசு நீ குடுப்பியா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "பெயிண்ட்டு எங்கம்மா கீது? வெறும் இரும்பு கீது. சொரண்டி வெச்சிகினு போர்டு மாட்டிக்கினா ஆச்சா?"

"இவங்க வூட்டு வாசல்ல டிரம் வெச்சா தெரியும்" என்றது இன்னொரு குரல். சிரிப்பு.

சட்டத்தில் ஓட்டை என்று சொன்னேன். உயிர் போகும் என்று சொன்னேன். முனிரத்தினம் பாலத்தின் முகப்பைக் கைகாட்டினார். "ஓட்டையாமே ஓட்டை! போன மாசம்தான் புச்சா பெயிண்ட்டு அடிச்சாங்கோ. தேதி போட்டு கீது பாரு. கவர்மெண்டு பொய் சொல்லுமா?"

கவர்மெண்டின் சம்பளம் வாங்குகிறவள் நான்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டிரம்மைச் சாய்த்து உருட்ட முயன்றார்கள். டிரம் கொஞ்சம் நகர்ந்தது. சைக்கிள் நுழையும் அளவுக்கு இடைவெளி. முனிரத்தினம் முன்சக்கரத்தை உள்ளே நுழைத்தார். நான் வேறு வழி தெரியாமல் அந்த இடைவெளியில் போய் நின்று, சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். மழையில் இரண்டு பேரும் ஒரு சைக்கிளை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தோம். கேன் சாய்ந்து பால் என் புடவையில் கொட்டியது. "பொம்பளயா போய்ட்ட, இல்லாட்டி" என்று அவர் பல்லைக் கடித்தார். அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் முடிக்கவில்லை.

ஆற்றில் ஆகாயத்தாமரையும் வேலிகாத்தான் மரங்களும் ஒரு தீவுபோல மிதந்து வந்து நடுக்கண்ணில் மோதி நின்றன. பெரிய மோதல்கூட இல்லை. உள்ளூரில் ஓடும் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்குமே, அதுபோல. ஒரு முனகல் கேட்டது. நடுக்கண் ஒரு பக்கமாகச் சரிந்து, முறுகி, அவசரமே இல்லாமல் ஆற்றுக்குள் இறங்கியது. அதன் மேல் ஒருவரும் இல்லை. முனிரத்தினம் சைக்கிளை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"புச்சு எப்ப கட்டுவீங்கோ?" என்றார்.

அவரை நான் குறைசொல்ல மாட்டேன். சாகாமல் தப்பித்தவனுக்கு மறுநாளும் பால் ஊற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது அடுத்த வாரம்தான்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. பாலத்தின் நடுப்பகுதியில் இருந்த பாதுகாப்புப் பூச்சை, மழைக்காலத்தின் தொடக்கத்தில், உரிய யோசனையின்றிச் சுரண்டி அகற்றியதால் கட்டுமானம் பலவீனமடைந்து சரிந்தது. இதற்கு ஏன் தங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இரண்டு பக்கம், அழகான, முத்து முத்தான கையெழுத்து. தீனதயாளன் கைப்பட எழுதியது. இத்தனை நன்றாக எழுதத் தெரிந்தவர் இருபது வருடம் எப்படி அடக்கிக்கொண்டிருந்தாரோ!

என்னைத் தாம்பரத்துக்குத் தெற்கே துறையின் ஸ்டோர் யார்டுக்கு மாற்றினார்கள். கழித்த இரும்பைக் கணக்கெடுத்து ஏலம்விடுகிற இடம். பெயிண்ட் அங்கே வராது என்பதால் என்னை அனுப்பியிருக்க வேண்டும். கார்த்திகை முடியும்போது லாரியில் அனகாபுத்தூர் பாலமே வந்து இறங்கியது. கேஸ் வைத்து வெட்டிய துண்டுகள். சட்டங்கள் கையில் எடுத்தால் பொடிந்தன. பிஸ்கட்டுக்குக்கூட அதைவிட உறுதி உண்டு. உத்திரங்களில் உள்ளங்கை அகல ஓட்டைகள். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். அட்டை, அட்டை, அட்டை. குவியலின் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் மணிபோல ஒலித்தது.

திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கட்டம். வெள்ளை எண்கள். தேதி எழுதிய இடம்.

பேனாக்கத்தியால் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினேன். எண்களுக்குக் கீழே கறுப்பு. கறுப்புக்குக் கீழே செந்நிறம், அதுவும் விதிப்படி இரண்டு நிறத்தில். அதற்குக் கீழே அதற்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே மறுபடி செந்நிறம். அப்படியே தேதிக்கு அடியில் தேதியாக இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இரும்பு வந்தது. ஆலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த நீலக் கறுப்பு மினுக்கோடு. அந்தப் பாலத்தில் துறையின் விதிகள் அத்தனையும் பின்பற்றப்பட்ட இடம் ஒன்று இருந்தது. ஒரு முறம் அகலத்துக்கு.

மெமோவுக்குப் பதில் எழுதி, அந்தத் துண்டைச் சாக்கில் கட்டி இணைப்பாக அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அது ஒரு கடிதத்தோடு திரும்பிவந்தது: பதில் ஏற்கப்பட்டது, எச்சரிக்கையோடு விடப்படுகிறது, கனமான இணைப்புகளைக் கோப்பில் வைக்க வழியில்லை. தீனதயாளன் அடுத்த வருடம் பதவி உயர்வு பெற்றார். ஆற்றின் குறுக்கே பிறகு வேறு பாலம் வந்தது, கான்கிரீட்டில். அதற்குப் பெயிண்ட் தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசினார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் உப்புக்கும் என்ன உறவு என்று நான் எழுந்து சொல்லப்போனேன். நேரமில்லை என்றார்கள்.

அந்தத் துண்டு இப்போதும் என் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் குழாய்க்குக் கீழே கிடக்கிறது. பக்கெட் வைக்க வசதி. எத்தனையோ மழைக்காலமாகச் சோப்புத் தண்ணீரும் போர்வெல் உப்பும் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓரத்தில் நான் சுரண்டிய கீறல் மட்டும் பழுத்திருக்கிறது. மற்ற இடம் அப்படியே.

இந்தக் கட்டுரையை முடித்த கையோடு, அதைக் கழுவி வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்துக் கார்த்திக்குக்கு அனுப்பினேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"சூப்பர் ஃபினிஷிங் மேடம்! எந்த கான்ட்ராக்டர்? இவருக்கே அடுத்த ஒர்க் குடுக்கலாம்."

போட்டோவை மறுபடி திறந்து பார்த்தேன். அதன் கீழ்மூலையில், வெள்ளை எழுத்தில், பிசிறில்லாமல், இன்றைய தேதி தானாக விழுந்திருந்தது.